நீக்கப்பட்ட இருபத்தேழு இடங்கள்

புஜைரா
12-9-2003, வெள்ளி

அன்புள்ள அத்தைக்கு,

சுபிஷா எழுதுகிறேன். அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். உங்கள் முதுகுவலி தேவலையா? வார்டில் நோயாளிகளைத் தனியாகத் தூக்க வேண்டாம் என்று அம்மா சொல்லச் சொன்னாள்.

போனில் பேசினால் போதாதா என்று என் வகுப்புத் தோழி நாகவள்ளி கேட்கிறாள். மாதத்துக்கு ஒரு தமிழ்க் கடிதமாவது எழுதாவிட்டால் எனக்குத் தமிழ் துருப்பிடித்துவிடும் என்பது அப்பாவின் சட்டம். எனக்கு இது தண்டனையாகத் தெரியவில்லை. கடிதத்தில் யாரும் குறுக்கே பேசுவதில்லை.

இந்த வருடம் பதினொன்றாம் வகுப்பில் நான்தான் லைப்ரரி பிரிஃபெக்ட், நூலகப் பொறுப்பு மாணவி. அலமாரிச் சாவி என்னிடம் இருக்கிறது! அப்பா வேலை பார்க்கும் எண்ணெய்த் தொட்டி டெர்மினலில் ஒரு ஆங்கிலேய என்ஜினியர் வேலை முடிந்து ஊருக்குப் போகிறார். ஆறு பெட்டி புத்தகங்களை எங்கள் பள்ளிக்குக் கொடுத்துவிட்டார். அப்பாதான் பிக்கப்பில் கொண்டுவந்து இறக்கினார்.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. வெளியிலிருந்து வரும் புத்தகத்தை முதலில் ஒரு சீனியர் மிஸ் புரட்டிப் பார்ப்பார். ஆகாத வரிகளுக்குப் பென்சிலில் கோடு போட்டு, பக்க எண்களை ஒரு சீட்டில் எழுதித் தருவார். பிரிஃபெக்ட் அந்த வரிகளைக் கறுப்பு மார்க்கரால் அழிக்க வேண்டும். இதுவரை பத்திரிகைகளில் நீச்சல் உடைப் படங்கள்தான் வந்தன. இந்த முறை ஒரே நாவலில் இருபத்தேழு இடங்கள். மார்க்கர் மை பின்பக்கத்துக்கு ஊறி அங்கே இருக்கும் நல்ல வரிகளையும் கொன்றுவிடும் என்பதால் அட்டை வைத்து அழிக்கிறேன்.

அந்த எழுத்தாளரின் பெயரை எழுதவில்லை. உங்கள் ஊரில் தபாலைப் பிரித்துப் பார்ப்பார்களாம், உங்களுக்கு வம்பு வரும் என்று அப்பா சொன்னார். தாடிக்காரர் என்று வைத்துக்கொள்வோம். பெட்டியில் அவருடைய வாழ்க்கை வரலாறும் இருந்தது. அதில் ஒரு கோடும் இல்லை. முழுவதும் படித்துவிட்டேன்.

தாடிக்காரர் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகன். அவர் அப்பா முகமெல்லாம் கரியோடு வந்து அப்படியே சாப்பிட உட்காருவாராம். (டாங்க் கிளீனிங் டூட்டி முடிந்து அப்பா வரும் நாள் நினைவுக்கு வந்தது.) மகன் சுரங்கத்துக்குள் இறங்கவே கூடாது என்று அம்மா பிடிவாதமாக இருந்து படிக்க வைத்தாள். வாத்தியார் ஆனார். தன் பேராசிரியர் வீட்டுக்கு ஒரு நாள் சாப்பிடப் போனவர், இரண்டே மாதத்தில் பேராசிரியரின் மனைவியோடு நாட்டைவிட்டுப் போய்விட்டார். அவளுக்கு மூன்று பிள்ளைகள். இது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் புத்தகத்தை மூட முடியவில்லை. முதல் உலகப்போர் நடந்தபோது இருவரும் ஒரு கடலோரக் கிராமத்தில் இருந்தார்கள். மனைவி ஜெர்மன்காரி. ஜன்னலில் வெளிச்சம் காட்டி எதிரிக் கப்பலுக்குச் சைகை செய்கிறார்கள் என்று அக்கம்பக்கத்தில் பேச்சு கிளம்பியது. போலீஸ் வந்து மூன்று நாளில் ஊரைவிட்டுப் போகச் சொன்னது.

உங்களுக்கு இதெல்லாம் பிடிக்குமா என்று தெரியவில்லை. வேறு யாரிடம் சொல்வது?

உங்கள் பதிலைப் பார்த்திருக்கும்,
சுபிஷா

*

அல் கோபார்
2-10-2003

சுபிஷா மக்களே,

உன் கடிதம் பதினாலு நாள் ஊர் சுற்றிவிட்டு வந்து சேர்ந்தது. யாரும் பிரித்த மாதிரித் தெரியவில்லை. நீ தடவியிருந்த பசைக்குப் பயந்திருப்பார்கள். நானே கத்தரிக்கோல் வைத்துத்தான் திறந்தேன்.

முதுகு பரவாயில்லை. ஹாஸ்டலில் தண்ணீர் வருகிறது, ஏசி ஓடுகிறது, குறை சொல்ல ஒன்றுமில்லை. வியாழக்கிழமை பஸ்ஸில் கடைத்தெருவுக்குக் கூட்டிப் போவார்கள். நாங்கள் எட்டுப் பேர் கறுப்பு அபாயாவில் வரிசையாக இறங்கினால் எந்த நர்ஸ் யார் என்று டிரைவருக்கே தெரியாது. எண்ணித்தான் ஏற்றுவார்.

உன் தாடிக்காரர் எப்படிச் செத்தார்? அதை எழுதவில்லையே. சின்ன வயதில் நுரையீரல் கெட்டிருக்க வேண்டும். சுரங்க ஊர்ப் பிள்ளைகளுக்கு அது வரும். மருந்து சாப்பிட்டாரா?

இன்னொன்று. அந்தக் கடலோர ஊரில் அவரைப் பற்றிப் போலீசிடம் சொன்னது யார் என்று புத்தகத்தில் இருக்கிறதா? பின்னாளில் அவர்களில் யாராவது வருத்தப்பட்டார்களா? சும்மாதான் கேட்கிறேன்.

கண்ணாடியைக் கழற்றாமல் படி. அப்பாவைக் கேட்டதாகச் சொல். மதினிக்கு என் முத்தம்.

அன்புடன்,
வசந்தா அத்தை

*

புஜைரா
24-10-2003, வெள்ளி

அன்புள்ள அத்தைக்கு,

இன்று வெள்ளிக்கிழமைச் சர்ச் முடிந்து வந்ததும் எழுத உட்கார்ந்தேன். இங்கே வெயில் தணிந்து மலை தெளிவாகத் தெரிகிறது. எல்லோரும் சுகம். அம்மாவுக்கு மட்டும் சளி.

உங்கள் கேள்விகளுக்குப் பதில். ஒன்று: காசநோய். நாற்பத்து நாலு வயதில் இறந்தார். மருந்து சாப்பிட மறுத்து ஊர் ஊராகச் சுற்றினார். இலங்கைக்குக்கூட வந்திருக்கிறார், நம் கடலுக்கு எதிர்க்கரை! வெயில் தாங்காமல் ஒன்றரை மாதத்தில் ஓடிவிட்டார். இரண்டு: போலீசிடம் சொன்னவர்கள் வருத்தப்பட்டார்களா என்று தேடிப் பார்த்தேன். கடைசியில் இருக்கும் குறிப்புகளையும் படித்தேன். இல்லை. அவர்களைப் பற்றி யாரும் ஒன்றும் எழுதி வைக்கவில்லை.

அவருடைய ஒரு நாவலை நீதிமன்றம் ஆபாசம் என்று தீர்ப்புச் சொல்லி ஆயிரத்துக்கு மேற்பட்ட பிரதிகளை எரித்துவிட்டது. பதிப்பாளரோ கோர்ட்டில் சண்டையே போடவில்லை. வெளியிட்டதற்கு வருந்துகிறோம் என்று சொல்லிவிட்டார். எனக்கு எரித்தவர்களைவிட அந்தப் பதிப்பாளர்மேல்தான் கோபம்.

என் இருபத்தேழு இடங்களையும் முடித்துவிட்டேன். அழிக்கும் முன் ஒவ்வொன்றையும் இரண்டு முறை படித்தேன். ஒன்பது இடங்களில் முத்தம். மீதிப் பதினெட்டில் ஒன்றுமே இல்லை. ஒரு பெண் தன் கணவனிடம் இந்த வாழ்க்கை போதாது என்கிறாள். இன்னொருத்தி கோபப்படுகிறாள். இதற்கு எதற்குக் கோடு போட்டார்கள் என்று தெரியவில்லை.

நூலகப் பதிவேட்டில் "நீக்கப்பட்டவை" என்று ஒரு பத்தி உண்டு. இதுவரை வந்த பிரிஃபெக்டுகள் அதைக் காலியாகவே விட்டிருக்கிறார்கள். நான் அப்படி விடவில்லை. இருபத்தேழையும் பக்க எண் போட்டு, வரி பிசகாமல், நல்ல கையெழுத்தில் எழுதிவிட்டேன். பதினோரு பக்கம் வந்தது.

பதிவேடு மேசையில்தான் இருக்கும். நாகவள்ளி தற்செயலாகத் திறந்தாள். மறுநாள் இன்டர்வெல்லில் ஏழு பேர் வந்தார்கள். அதற்கு அடுத்த நாள் பன்னிரண்டாம் வகுப்பு அக்காமார் வரிசையில் நின்றார்கள்.

"அடுத்த பக்கத்தத் திருப்புடி, பெல் அடிக்கப் போறான்!" என்று நாகவள்ளி ஒருத்தியை அதட்டினாள். அந்த அக்கா, "இரு, இது புரியல. இவ ஏன் அழறா?" என்றாள். பள்ளியில் இத்தனை பேர் நூலகத்துக்கு வந்து நான் பார்த்ததில்லை.

உங்கள் பிள்ளை,
சுபிஷா

*

புஜைரா
14-11-2003, வெள்ளி

அன்புள்ள அத்தைக்கு,

போன கடிதத்துக்கு உங்கள் பதில் இன்னும் வரவில்லை. நோன்பு மாதம், தபால் மெதுவாக வரும். நீங்கள் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் சுகமாக இல்லை.

பிரின்சிபால் நூலகப் பதிவேட்டைப் படித்துவிட்டார். ஸ்டாக் சரிபார்க்க வந்தவர் நின்றபடியே பதினோரு பக்கத்தையும் படித்தார். பிறகு உட்கார்ந்து இன்னொரு முறை படித்தார்.

நூலக ஆசிரியை அஸ்மத் மிஸ் காயல்பட்டினத்துக்காரர். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏம்மா, நீக்குனத எழுதுன்னா பக்க நம்பர எழுதுவாங்க. வாசகத்தையேவா எழுதுவாங்க? பொறுக்கிப் பொறுக்கி எல்லாத்தையும் ஒரே எடத்துல சேத்து வச்சிருக்கியே!" என்றார். திட்டும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் அப்போதுதான் யோசித்தேன். நான் செய்தது முட்டாள்தனம்தான். பதிவேடு என்றால் எல்லாவற்றையும் பதிய வேண்டும் என்று நினைத்துவிட்டேன்.

பிரின்சிபால் சிரிக்கவில்லை. ஒரு மன்னிப்புக் கடிதத்தை டைப் அடித்து வைத்திருக்கிறார். அதை நான் என் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டு, அசெம்பிளியில் எல்லார் முன்னாலும் வாசிக்க வேண்டும். தமிழில் சொன்னால் இப்படி வரும்: "நான் இழிவான ஆசையால் தூண்டப்பட்டு ஓர் ஆபாசப் புத்தகத்தைப் படித்தேன். அதன் அசிங்கத்தை மற்ற மாணவிகளிடம் வேண்டுமென்றே பரப்பினேன். என் வளர்ப்புக்கு நான் தேடிய களங்கத்துக்கு வெட்கப்படுகிறேன்." ஜனவரி மாதக் கடைசிக்குள் எழுதாவிட்டால் மார்ச்சில் டீசி. பன்னிரண்டாம் வகுப்புக்கு இங்கே இடமில்லை.

நான் வேறு கடிதம் எழுதிக் கொடுத்தேன். இரண்டே வரி. "பதிவேட்டைத் தவறான முறையில் எழுதிவிட்டேன். அதற்கு வருந்துகிறேன்." அவர் அதை மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

வீட்டில் அப்பா சொன்னது: "எழுதிக் குடு பிள்ளே. நாலு வரி. என்ன கொறைஞ்சி போகுது?"

"அது பொய்ப்பா."

"அவனுவ பள்ளிக்கூடம், அவனுவ சட்டம். நாம பொழைக்க வந்த எடம். டீசி வாங்குனா ஒன்ன எங்க சேக்குவேன்? நாகர்கோவில் ஹாஸ்டல்லயா? நீ அங்க, நாங்க இங்க கெடக்கவா?"

அம்மா சோறு போட்டாள். பிறகு, "ஏட்டி, நீ வசந்தாக்கு எழுது. அவ சொன்னா கேப்பேல்லா?" என்றாள்.

அதனால் கேட்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

சுபிஷா

*

அல் கோபார்
28-11-2003

சுபிஷா மக்களே,

உன் இரண்டு கடிதமும் ஒன்றாக வந்தன. பெருநாள் நேரம், வார்டில் கூட்டம். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

எழுதிக் கொடுத்துவிடு. அப்பா சொல்வது சரி. நாலு வரி எழுதுவாய், ஐந்து நிமிடம் வாசிப்பாய், கலாஸ், முடிந்தது. ஒரு வாரம் சிரிப்பார்கள். அடுத்த வாரம் வேறு யாராவது மாட்டுவார்கள். கையெழுத்து என்பது மையும் காகிதமும்தான். உள்ளே நீ என்ன நினைக்கிறாய் என்பதை யாரும் எடுத்துவிட முடியாது.

ஒரு வருடப் படிப்பைவிட அது பெரிதில்லை. நான் பார்க்காததா?

தலைக்கு எண்ணெய் வை. கோபத்தில் சாப்பிடாமல் இருக்காதே.

அன்புடன்,
அத்தை

*

புஜைரா
12-12-2003, வெள்ளி

அத்தைக்கு,

கடிதம் கிடைத்தது. சுகம் கேட்டதற்கு நன்றி. எண்ணெய் வைக்கிறேன், சாப்பிடுகிறேன். எழுதிக் கொடுக்க மாட்டேன்.

உங்களோடு சண்டை போடுவது இதுதான் முதல் தடவை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்து மையும் காகிதமும்தான் என்றால் பிரின்சிபால் ஏன் அதற்காக இரண்டு மாதம் காத்திருக்கிறார்? அவர் வேண்டுமானால் என் பெயரைத் தானே எழுதிக்கொள்ளலாமே. அவருக்கு என் கைதான் வேண்டும். "இழிவான ஆசை" என்று நான் எழுதிவிட்டால் நாளைக்கு அது நான் சொன்னதாகிவிடும். அந்தப் பன்னிரண்டாம் வகுப்பு அக்கா, "இவ ஏன் அழறா" என்று கேட்டாளே, அவள் கேட்டதும் அசிங்கம் என்றாகிவிடும். அவள் பெயரையும் சேர்த்து நான் எப்படி அழிப்பேன்?

தாடிக்காரரிடம் எனக்குப் பிடிக்காதது நிறைய இருக்கிறது. மனைவியோடு தட்டு உடையச் சண்டை போடுவார். நண்பர்களைக் கதையில் வைத்து அவமானப்படுத்துவார். பெண்களைப் பற்றித் தனக்கே எல்லாம் தெரியும் என்று நினைக்கிறார், ஒன்றும் தெரியவில்லை. ஆனால் ஒன்று. அவருடைய கடைசி நாவலை எந்தப் பதிப்பாளரும் தொடவில்லை. சில இடங்களை வெட்டித் தரச் சொன்னார்கள். உட்கார்ந்து வெட்டியும் பார்த்தார். முடியவில்லை. இருமிக்கொண்டே இத்தாலியில் ஒரு சின்ன அச்சகத்தில் தானே அச்சடித்தார். அவர் செத்து முப்பது வருடம் கழித்து லண்டன் கோர்ட்டில் அந்தப் புத்தகத்துக்காக வழக்கு நடந்தது. உங்கள் மனைவியோ வேலைக்காரரோ இதைப் படிப்பதை நீங்கள் விரும்புவீர்களா என்று அரசு வக்கீல் ஜூரர்களைக் கேட்டாராம். அந்த ஜூரர்கள் புத்தகத்தை விடுதலை செய்துவிட்டார்கள். வேலைக்காரர் என்றால் யார் அத்தை? அப்பாவும் நீங்களும்தானே? நான் அதைப் படித்தபோது என் காது சூடாகிவிட்டது.

"நான் பார்க்காததா" என்று எழுதியிருக்கிறீர்கள். நம்பாத ஒன்றை நீங்கள் எழுதிக் கொடுத்திருக்கிறீர்களா? நீங்கள் எழுதியிருக்க மாட்டீர்கள். சிசேரியன் வார்டில் டாக்டரையே எதிர்த்துப் பேசியவர் என்று அம்மா சொல்லியிருக்கிறாள்.

உண்மையைச் சொல்லுங்கள்.

சுபிஷா

*

புஜைரா
2-1-2004, வெள்ளி

அன்புள்ள அத்தைக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். உங்கள் கிறிஸ்துமஸ் கார்டு வந்தது. உள்ளே உங்கள் கையெழுத்து மட்டும் இருந்தது. கடிதம் இருக்குமோ என்று உறையைக் குலுக்கிப் பார்த்தேன். நான் எழுதியது உங்களை நோகடித்துவிட்டதா?

இங்கே அப்பா என்னோடு அதிகம் பேசுவதில்லை. கிறிஸ்துமஸ் அன்று சாப்பிடும்போது கோபத்தில் ஒன்று சொன்னார். "எங்க வசந்தா இப்படியா அடம்புடிச்சா? எழுதுன்னேன், எழுதிக் குடுத்தா. ஒரு வார்த்த எதுத்துப் பேசல. அதான் இன்னைக்கி நல்லாருக்கா." அம்மா சட்டென்று அவரைப் பார்த்தாள். அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

என்ன எழுதிக் கொடுத்தீர்கள்? யாருக்கு? அம்மாவைக் கேட்டால், "அதெல்லாம் பழைய கத, நீ பொறக்கதுக்கு முந்தி நடந்தது" என்று மட்டும் சொல்கிறாள். கண் அதற்கு மேல் பேசாதே என்றது.

பிரின்சிபால் கொடுத்த நாள் ஜனவரி 28. அப்பாவும் வர வேண்டும். என் முடிவு மாறவில்லை. பயமாக இருக்கிறது, ஆனால் மாறவில்லை.

பதில் எழுதாவிட்டாலும் சுகமாக இருங்கள்.

சுபிஷா

*

அல் கோபார்
16-1-2004

சுபிஷா,

உனக்கு நான் தப்பாகச் சொல்லிவிட்டேன். கேட்டதற்கான பதிலை உன் அப்பாவுக்கு எழுதியிருக்கிறேன், இதே உறைக்குள் தனியாக ஒட்டி வைத்திருக்கிறேன். அவரிடம் கொடு. நீ பிரிக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். காட்டுவதும் காட்டாததும் அவர் இஷ்டம்.

உன்மேல் எனக்கு வருத்தமில்லை.

அத்தை

*

அல் கோபார்
16-1-2004

அண்ணனுக்கு வசந்தா எழுதுவது.

நீங்களும் மதினியும் நலமாக இருக்கிறீர்கள் என்று பிள்ளையின் கடிதத்தில் தெரிந்துகொண்டேன். நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன்.

நாம் இதை இருபது வருடமாகப் பேசவில்லை. இனியும் வாயால் பேச என்னால் முடியாது, அதனால் எழுதுகிறேன்.

நான் அப்போது நம் சபை ஆஸ்பத்திரியில் நர்சிங் இரண்டாம் வருடம். நம் வீட்டு முன்னறையில் நீங்கள் சொல்லச் சொல்ல எழுதினேன். சபைக் கமிட்டிக்கு. எக்ஸ்ரே டெக்னீஷியன் அருள்ராஜ் என் விருப்பத்துக்கு மாறாக ஹாஸ்டல் வாசலுக்கு வந்து தொந்தரவு கொடுத்தார் என்று. "விருப்பத்துக்கு மாறாக" என்று நீங்கள் சொன்னபோது நான் பேனாவை நிறுத்தினேன். "எழுது" என்றீர்கள். எழுதினேன். அவர் வந்தது நான் வரச் சொன்னதால். அது உங்களுக்கும் தெரியும். அவர் கடற்கரைக்காரர், வேறு சபை, வேறு சாதி. அதுதான் நமக்குப் பிரச்சினை. அதை யாரும் கடிதத்தில் எழுதச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அறிவிப்போடு அதை வாசித்தார்கள். நீங்கள் ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தீர்கள். என் கையெழுத்து திருத்தமாக இருந்ததால் வாசித்தவர் ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. திங்கட்கிழமை எக்ஸ்ரே அறையில் வேறு ஆள் இருந்தான். பெண்பிள்ளைகள் படிக்கிற இடத்தில் வைக்கத் தகாதவன் என்று பெயர் வாங்கிப் போனவரை அந்தப் பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரியும் எடுக்கவில்லை.

நீங்கள் அப்போது பயந்தீர்கள். அப்பா இல்லாத வீடு, உங்களுக்கும் இருபத்தொன்பது வயதுதான். அதை நான் யோசிக்காமல் இல்லை. உங்கள்மேல் கோபமில்லை என்று எழுதத் தொடங்கினேன். அடித்துவிட்டேன். கோபம் இருக்கிறது. என்மேல் அதைவிட அதிகமாக இருக்கிறது.

கையெழுத்து மையும் காகிதமும்தான் என்று பிள்ளைக்கு எழுதினேன். எழுதிவிட்டு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

சபைக் கமிட்டிக்கு இன்னொரு கடிதம் அனுப்பிவிட்டேன். முன்பு கொடுத்தது பொய், சொல்லிக் கொடுத்து எழுதியது என்று. உங்களிடம் கேட்டு அனுப்பவில்லை. மே மாத லீவில் நேரில் போவேன்.

சுபிஷாவுக்கு வேறு பள்ளிக்கூடம் கிடைக்கும். ஒரு வருடம் போனாலும் போகட்டும். அவள் கையைப் பிடித்து எழுத வைக்காதீர்கள். வைத்தால், நான் உங்கள் வீட்டுக்கு வருவது அதோடு நின்றுவிடும்.

வசந்தா

*

புஜைரா
30-1-2004, வெள்ளி

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் சுகமா? நான் சுகம். நிஜமாகவே சுகம். எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன்.

உங்கள் உறையை அப்பாவிடம் கொடுத்தேன். வாசித்துவிட்டு சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எனக்குக் காட்டவில்லை. இரண்டு நாள் டூட்டிக்குப் போனார், வந்தார், கீழே பார்க்கிங்கில் வண்டிக்குள்ளேயே ஏசி போட்டு உட்கார்ந்திருந்தார்.

புதன்கிழமை பிரின்சிபால் அறைக்கு அப்பா டூட்டி உடுப்போடு வந்தார். நாற்காலியில் எண்ணெய் படுமோ என்று உட்காராமல் நின்றார். பிரின்சிபால் டைப் அடித்த கடிதத்தையும் வெள்ளைக் காகிதத்தையும் என் முன்னால் வைத்தார். பேனா மூடியைத் திறந்தும் வைத்தார். என் கை மேசைக்குக் கீழே இருந்தது. எடுக்கவில்லை.

பிரின்சிபால் இங்கிலீஷில் அப்பாவிடம் கேட்டார்: "மிஸ்டர் செல்வசிங், இது உங்கள் வீட்டுப் பெண்கள் படிக்கிற மாதிரிப் புத்தகமா?"

அப்பாவுக்கு இங்கிலீஷ் சைட்டில் பேசுகிற அளவுக்கு வரும். இங்கிலீஷும் தமிழும் கலந்துதான் பேசினார். "புக்க நான் படிக்கல சார். இந்த லெட்டரப் படிச்சேன். இதுல இருக்கது எம் மக பேச்சு இல்ல."

"அப்படியானால் நீங்கள் சொல்லி எழுத வையுங்கள். நீங்கள்தானே தகப்பன்?"

திறந்து கிடந்த பேனாவை அப்பா பார்த்தார். டீசிக்கு ஒப்புக்கொள்வாரா, பேனாவை என் கையில் திணிப்பாரா என்று எனக்குத் தெரியவில்லை.

"ஒரு தடவ ஒரு பிள்ளைக்கிச் சொல்லி எழுத வச்சிருக்கேன் சார்" என்றார். "போதும்."

பிரின்சிபாலுக்குப் புரியவில்லை. எனக்கும் அப்போது புரியவில்லை. அப்பா என்னைப் பார்த்து, "எந்திரி பிள்ளே, யல்லா, போவோம்" என்றார். வெளியே வந்தோம். வராந்தாவில் அஸ்மத் மிஸ் நின்றிருந்தார். சாவியைக் கொடுத்தேன். "நெதானமாப் போயிட்டு வா" என்றார், ஏதோ கடைக்குப் போவது போல.

வண்டியில் ஏறியதும் அப்பா உங்கள் கடிதத்தை எடுத்து என் மடியில் போட்டார். நான் வாசித்து முடிக்கும்வரை வண்டியை எடுக்கவில்லை. நான் அழுதேன். அப்பா ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு கடல் பக்கம் பார்த்தபடி, "அவன் நல்ல பயதான். எனக்குத் தெரியும்" என்றார். பிறகு வண்டியை எடுத்தார்.

மார்ச்சில் டீசி. நடத்தை என்ற இடத்தில் என்ன எழுதுவார்களோ எழுதட்டும். ஷார்ஜாவில் ஒரு பள்ளி தேர்வு வைத்து எடுக்கிறதாம். மலையைத் தாண்டி வேனில் இரண்டு மணி நேரம். நாலரைக்கு எழுந்தால் போதும். நாகவள்ளி, "உனக்குப் பைத்தியம்டி" என்று சொல்லிவிட்டு என் கையை விடவே இல்லை.

உங்களை டிசம்பரில் அப்படிக் கேட்டதற்கு வருந்துகிறேன். இது யாரும் சொல்லி எழுதியதில்லை.

சுபிஷா

*

நாகர்கோவில்
17-5-2004, திங்கள்

சுபிஷா மக்களே,

நீ மலை தாண்டிப் படிக்கப் போகிறாய் என்று மதினி போனில் சொன்னாள். வேனில் தூங்கு, படிக்காதே, கண் கெட்டுவிடும். இங்கே மழை பிடித்துவிட்டது. என் முதுகு இந்த ஈரத்துக்கு முனகுகிறது, மற்றபடி திடமாக இருக்கிறேன்.

சபைக் கமிட்டியார் என்னை உட்கார வைத்து டீ கொடுத்தார்கள். "பழைய விசயம்மா. நீங்க எழுதுனத ஃபைல்ல வச்சாச்சு" என்றார் செயலாளர். ஃபைலில் வைத்தால் போதும் என்றால் முதல் கடிதத்தையும் ஃபைலிலேயே வைத்திருக்கலாமே, ஏன் வாசித்தீர்கள் என்று கேட்டேன். இதை வாசிக்க முடியாது என்றார்கள். சரி என்று வந்துவிட்டேன்.

நேற்று ஞாயிறு. அறிவிப்பு முடிந்தது, ஆசீர்வாதம் முடிந்தது, ஜனங்கள் செருப்பைத் தேடத் தொடங்கினார்கள். நான் பெண்கள் பக்கத்தில் எழுந்து நின்று என் கடிதத்தை வாசித்தேன். மைக் இல்லை. வார்டில் கத்திப் பழகிய குரல், கடைசி வரிசை வரைக்கும் போயிருக்கும். செயலாளர், "உக்காருங்கம்மா, உக்காருங்க" என்று கையை ஆட்டினார். உட்காரவில்லை. ஆறு வரிதான். பாதிப் பேருக்கு யார், என்ன என்றே தெரியாது. மீதிப் பேருக்குத் தெரிந்தது. ஒரு கிழவி, "இவளுக்கு என்ன கேடு" என்றாள். காதில் விழுந்தது. விழட்டும் என்று முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

சாயங்காலம் அருள்ராஜின் வீட்டுக்குப் போனேன். படகு என்ஜின் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். தலை நரைத்திருக்கிறது. அவர் மனைவி நாற்காலி போட்டாள். நான் அந்த ஆறு வரியையும் அவரிடம் கொடுத்தேன். கை கிரீசாக இருந்ததால் அவர் வாங்கவில்லை. என்னையே பிடித்துக்கொள்ளச் சொல்லி நின்றபடி வாசித்தார்.

"இப்ப என்னத்துக்கு வசந்தா?" என்றார்.

தாளை மடித்துக்கொண்டு கிளம்பினேன். படியிறங்கும்போது பின்னாலேயே வந்தார்.

"அதுல ஒரு காப்பி எடுத்துத் தருவியா? எம் மக காலேசுல படிக்கா. அவளுக்கு யாரோ என்னமோ சொல்லி வச்சிருக்கானுவ. அவகிட்ட காட்டணும்" என்றார்.

ஜெராக்ஸ் கடை பூட்டியிருந்தது. அவர் வீட்டுப் பலசரக்குக் கணக்கு எழுதும் நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, அந்த மனைவி கொடுத்த பேனாவால், அங்கேயே உட்கார்ந்து திரும்ப எழுதினேன். கீழே கையெழுத்துப் போட்டு, என் முழுப் பெயரும், நம் வீட்டு முகவரியும், நேற்றைய தேதியும் போட்டுக் கொடுத்தேன்.

அத்தை
வசந்தகுமாரி